உண்ணாவிரதத்துக்குச் செவ்வாய் பத்து மணி

உண்ணாவிரதம் இருந்து சாகப்போவதாகப் பாலேந்திரன் அறிவித்தபோது அவர் வாய் நிறைய இடியப்பம் இருந்தது.

"விழுங்கிப்போட்டுச் சாகுங்கோ," என்றாள் ஞானேஸ்வரி. "புரைக்கேறும்."

விழுங்கினார். தண்ணீர் குடித்தார். சொதி மிச்சம் இருக்கிறதா என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இல்லை. திரும்பவும் கோபம் வந்தது.

கோபத்தில் நியாயம் இருந்தது. முதுகு போய், வேலையும் போன மனிதர். சுவிஸில், சோலோதுர்னுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று அறை வீடு. வாடகையில் ஒரு பங்கைக் கெமைண்ட கொடுத்து வந்தது. கெமைண்ட என்றால் ஊர் நிர்வாகம். மாசி மாதம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், எல்லாவற்றையும் திருப்பிக் கட்டு. காரணம், உன் வீட்டில் ஒரு சங்கமும் குடியிருக்கிறது, வாடகையில் அதற்கும் பங்கு உண்டு.

சங்கம் தபால்பெட்டியில்தான் குடியிருந்தது. "கொன்றையடி மக்கள் ஒன்றியம், சுவிஸ் கிளை. செயலாளர்: பாலேந்திரன்." மனைவியின் பெயரைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்து. சுவிஸில் தபால்பெட்டியில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார். பெயர் இல்லையென்றால் கதவைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றாலும் ஆள் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

"அதைக் கழட்டுங்கோ," என்று அன்றைக்கே சொன்னாள் ஞானேஸ்வரி.

"கழட்டினால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி. நான் எதிர்த்து எழுதுறன்."

எழுதினார். எட்டுப் பக்கம். சங்கத்தின் வரலாறு, நோக்கம், ஆண்டுவிழாப் படங்கள். அட்லிஸ்வில்லில் இருக்கும் மருமகள் சிவதர்சினி அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தாள். ஞானேஸ்வரி படித்தாள்.

"இதைப் படிச்சால் நானே உங்களிட்டை வாடகை கேட்பன்," என்றாள்.

பதில் வரவில்லை. வசந்தம் போனது. கோடை போனது. தொலைபேசியில் கேட்டால் அந்த அலுவலர் விடுமுறையில். பிறகு சுகமில்லை. பிறகு வேலையை விட்டே போய்விட்டார். காசு கேட்கிற பகுதியில் மட்டும் ஒருவருக்கும் தடிமன் சளிகூட வரவில்லை. மாதா மாதம் நினைவூட்டல் வந்தது.

கட்டினால் இந்த வீட்டை வைத்திருக்க முடியாது. கூர் நகரில் ஞானேஸ்வரியின் தம்பி குணசேகரம் நிலவறையில் ஓர் அறை காலியாக வைத்திருந்தான். "அத்தான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்," என்று ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்துச் சொல்வான். அதைக் கேட்டுத்தான் பாலேந்திரன் யோசித்தார். அந்த அறைக்கு ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கிற மெசின். மறுபக்கம் குணசேகரத்தின் புத்திமதி. சாகும்வரை இரண்டும் நிற்காது.

ஆகவே உண்ணாவிரதம். கெமைண்ட வாசலில்.

"நல்லது," என்றாள் ஞானேஸ்வரி.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. அழுவாள், தடுப்பாள் என்று நினைத்திருந்தார்.

"எனக்கு நீரிழிவு இருக்கெல்லோ?"

"அப்ப கெதியா முடிஞ்சிடும். ஆனால் அனுமதி எடுக்கவேணும். இஞ்சை அனுமதி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போத்தல்கூடக் குப்பையிலை போடேலாது."

"நான் அந்த வாசல்படி மிதியேன். செயலாளர் வரிசையிலை நிக்கிறதில்லை."

"நீங்கள் நிக்கவேண்டாம். நான் போட்டு வாறன்."

போனாள். மத்தியானம் வந்தாள்.

"தந்திட்டினம். செவ்வாய் காலமை பத்து மணி."

பாலேந்திரன் நாட்காட்டியைப் பார்த்தார். "இவ்வளவு கெதியாவோ?"

"நிபந்தனை இருக்கு. கத்தக்கூடாது. சைக்கிள் விடுற இடத்தை மறைக்கக்கூடாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவரவேணும்."

"பட்டினி கிடக்கிறவனுக்கு என்ன குப்பை?"

"எனக்கென்ன தெரியும்? நல்ல கோட்டுப் போடவேணும். அடையாள அட்டை கட்டாயம்."

"சாகிறதுக்கும் அட்டையோ?"

"சுவிஸிலை எப்ப அட்டையில்லாமல் ஒண்டு நடந்தது?"

அவர் கோட்டைத் தேடப் போனார்.

செவ்வாய். ஆற்றுப் பக்கமிருந்து எழும்பிய பனிமூட்டம் கிராமத்தை முழுசாக மூடியிருந்தது. பாலேந்திரன் கெமைண்ட வாசலில், சைக்கிள் விடும் இடம் மறையாமல் மடக்குக் கதிரையை விரித்தார். இருந்தார். ஞானேஸ்வரி, "வந்திட்டியள் எண்டு சொல்லிப்போட்டு வாறன்," என்று உள்ளே போனாள்.

ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. தன் சப்பாத்தே அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. இந்த நாட்டில் முப்பது வருசம். தான் செத்தால் யாருக்கு முதலில் தெரியும் என்று யோசித்தார். குணசேகரத்துக்குத்தான். அடக்கத்துக்கு வந்தும் புத்திமதி சொல்வான். ஒரு சுவிஸ் கிழவி நாயோடு வந்து, பஸ்ஸுக்கா நிற்கிறீர்கள், தரிப்பிடம் அந்தப் பக்கம் என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞானேஸ்வரி திரும்பி வந்தாள்.

"எழும்புங்கோ. காசு கட்டத் தேவையில்லையாம். வீட்டை விடவும் தேவையில்லை."

பாலேந்திரனின் நெஞ்சு கோட்டுக்குள் நிமிர்ந்தது. "பாத்தீரோ! வாசலிலை என்னைக் கண்டவுடனை பயந்திட்டினம்!"

"இந்தப் பனிப்புகாருக்கை வாசலிலை யானை நிண்டாலும் தெரியாது. ஒரு கையெழுத்து வைக்கவேணும். வாங்கோ."

"என்ன கையெழுத்து?"

"சங்கம் இல்லையெண்டு."

எழும்பியவர் திரும்பக் கதிரையில் இருந்தார்.

"போன கிழமை வந்து, விட்டுப்போனவரின்ரை இடத்துக்கு வந்த புதுப் பெட்டையோடை கதைச்சனான்," என்றாள் ஞானேஸ்வரி. "எங்கடை பைல் அலுமாரிக்குள்ளை கிடந்ததாம். ஒருத்தரும் திறக்கேல்லை. சங்கத்திலை எத்தினை பேர் எண்டு கேட்டாள். உள்ளதைச் சொன்னன்."

"என்ன சொன்னனீர்?"

"தலைவர் செத்து நாலு வருசம். பொருளாளர் மகளோடை கனடா போட்டார். மற்ற ஆக்கள் உங்களோடை கோவிச்சு வேறை சங்கம் துவங்கிட்டினம். மிச்சம் ஒருத்தர் எண்டன்."

பாலேந்திரன் கோட்டின் காலரை இழுத்துவிட்டார்.

"சிரிச்சவளோ?"

"இல்லை. அதுதான் எனக்கும் கவலையாப் போச்சு."

பனி கோட்டின் மேல் சொட்டுச் சொட்டாக ஒட்டியது.

"அப்ப உண்ணாவிரத அனுமதி?"

"ஆர் கேட்டது? கையெழுத்து வைக்கப் பத்து மணிக்கு நேரம் எடுத்தனான். வாங்கோ எண்டு கூப்பிட்டால் வருவியளோ? சாகத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்."

கதிரையை அவளே மடக்கினாள். அவர் பின்னால் போனார்.

உள்ளே சூடாக இருந்தது. புதுப் பெட்டை அடையாள அட்டையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். சங்கத்தைக் கலைப்பதற்கு உறுப்பினர்கள் சம்மதித்தார்களா?

பாலேந்திரன் மனைவியைப் பார்த்தார்.

"கையை உயர்த்துங்கோ," என்றாள் அவள்.

உயர்த்தினார். முதுகு விட்ட அளவுக்கு, தோள் மட்டத்துக்கு.

"ஏகமனதாக நிறைவேறியது," என்று ஞானேஸ்வரி ஜெர்மனில் சொன்னாள்.