கொஞ்சம் இருட்டு கிடைக்குமா?

இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்க ஆரம்பித்தபோது, நிதானம் போனில் இருந்தார். லிஃப்ட் கம்பெனியின் புகார் பிரிவு. மறுமுனையில், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பெண்மணி.

"பயப்படாதீங்கம்மா. ஆள் கிளம்பியாச்சு. கண்ணை மூடி, மூச்சை மெதுவா விடுங்க."

அவரும் மூடினார்.

"ஹலோ? தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது?"

யார் கத்தினாலும் குரல் உயராது என்பதால் ஆபீஸ் வைத்த பெயர்தான் நிதானம். அந்தப் பெயருக்காகவே அவரைப் பிரிவுத் தலைவராக்கப் போவதாகப் பேச்சு. மேனேஜர் அம்மா இன்று மாலைக்குள் சொல்லிவிடுவார்.

நிதானத்தின் உள்ளே நடக்கும் கூத்து வேறு. தலைவலி வந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மனசு கண்டதையும் நினைத்து நடுங்கும். மனசு நடுங்கினால் மறுபடி தலைவலி. மூன்றும் ஷிப்ட் போட்டு வேலை பார்த்தன. அவரைப்போலவே லீவு எடுக்கத் தெரியாத ஜென்மங்கள். மனநல டாக்டரிடம் போவது மனைவிக்கு மட்டும் தெரியும். ஆபீசுக்குத் தெரிந்தால் பதவி அம்பேல்.

ட்யூப்லைட் ஊசியாய்க் குத்தியது. கூலிங்கிளாஸை எடுத்து மாட்டினார்.

"என்ன சார், கண் நோயா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"ஆமா."

சுலபமான பொய். பக்கத்து நாற்காலி நகர்ந்தது. பிறகு வரிசையே நகர்ந்தது. நிர்வாகப் பிரிவு அம்மணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், கண் நோய் மூக்கு வழியாகப் பரவும் என்பதுபோல.

"ஒட்டிக்கும் சார். வீட்டுக்குக் கிளம்புங்க. டாக்டர் சீட்டு இருந்தா குடுங்க."

பையிலிருந்த ஒரே சீட்டு மனநல டாக்டருடையது.

"கண் நோய் இல்லைங்க. அது... அழுதேன்."

"ஏன் சார்?"

"சித்தப்பா தவறிட்டாரு."

இல்லாத ஆளைக் கொன்றால் பாவமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நகர்ந்துபோன நாற்காலிகள் எல்லாம் திரும்பி வந்தன.

"என்ன வயசு?"

"எப்ப எடுக்கறாங்க?"

"சொல்லுங்க சார், வேன் பிடிச்சு எல்லாருமா வந்துடறோம்."

ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் சரியாக ஆணியின் தலையில் விழுந்தது. இதற்குள் ஆபீஸ் போன் அடிக்க, பக்கத்து சீட்டுக்காரர் எடுத்தார்.

"அண்ணி, நீங்களா? மனசைத் தேத்திக்குங்க. சித்தப்பா நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாரு."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"சார், உங்க வீட்டம்மா பேசறாங்க. உங்க அப்பா ஒரே பிள்ளையாமே?"

நிதானம் எழுந்தார். கால் போன போக்கில் போனதில் மாடிப்படிக்குக் கீழே ஸ்டோர் ரூம் திறந்திருந்தது. கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவுகளுக்கு நடுவே அருமையான இருட்டு. தரையில் பிரித்து விரித்த அட்டைப் பெட்டிகள். மேலே ஒரு தலையணை. யாருடையது என்று யோசிக்கும் நிலையில் தலை இல்லை. சாய்ந்தார்.

கதவு திறந்தது. மேனேஜர் அம்மா. அவருக்குப் பின்னால், கையில் சாவிக்கொத்தோடு துப்புரவு அக்கா.

துள்ளி எழுந்தார். இனி எந்தச் சித்தப்பா செத்தும் பிரயோஜனமில்லை.

"மேடம், எனக்கு ஒத்தத் தலைவலி. தூக்கம் கிடையாது. மனநல டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். சித்தப்பாவும் கிடையாது. போஸ்ட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

முதல் தடவையாக அவர் குரல் நடுங்கியது. மேனேஜர் அம்மா உள்ளங்கையால் கண்களை மூடிக்கொண்டார். தன்னால் வந்த அவமானம் என்று நிதானம் முடிவு கட்டினார்.

துப்புரவு அக்காதான் பொறுமை இழந்தார்.

"சார், கொஞ்சம் வெளியே வர்றீங்களா? இது மேடம் படுக்கற நேரம். உங்களுக்கும் வேணும்னா சாயங்காலமா வாங்க, முதலாளி எழுந்து போனதும் தலையணை உறை மாத்தி வைக்கறேன்."