எட்டுக் கல் வெள்ளச்சி

ஒரு காட்டில், கரடிக்கே பல் கிட்டிப்போகும் குளிர்காலம். அங்கே இருபது வளைகள், நாற்பது சூட்டுக்கற்கள். முழுதாக இருக்கும்வரை கல்லின் சூடு ஆறவே ஆறாது. உடைத்தால் அந்தக் கணமே வெறும் கல். அதனால் பாதி, கால் என்ற பேச்சுக்கே இடமில்லை. வளைக்கு இரண்டு என்று சமமாகக் கொடுத்திருந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம். வழியில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் வணக்கம் வைக்கமாட்டார்கள். ஒருவர் புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒத்தையா, ரெட்டையா?" என்பார். தோற்றவர் ஒரு கல் கொடுக்க வேண்டும். கல்லே இல்லாதவர் தோற்றால் என்னத்தை வாங்குவது? சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெள்ளச்சி என்ற கீரி தன் இரண்டு கல்லையும் இப்படித்தான் விட்டாள். வளையில் அவள் குட்டிகள் நடுங்கின. பெற்ற வயிறு பற்றி எரிந்தது; அந்தச் சூடு குட்டிகளுக்கு உதவவில்லை. எதிர் வளைக் கரடி மொக்கையனிடம் எட்டுக் கல் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒழச்சா தானா வரும் தாயி," என்றான் மொக்கையன், படுத்தபடியே.

கரடி திருடிவிட்டான் என்று மனு எழுதிக்கொண்டு சூடு வழங்கல் அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். மூன்று படிவம். ரேகை இயந்திரம் கீரி விரலை ஏற்கவில்லை. வாலை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டது. அதிகாரி ஆமையார் வளை வளையாகப் போய் எண்ணினார். ஏழு வளையில் ஒன்றுமில்லை. நாலு வளையில் ஒவ்வொன்று. மற்றவர்களிடம் இரண்டு, மூன்று என்று ஏறி, உச்சியில் கரடி. கூட்டினால் சரியாக நாற்பது.

"திருட்டு இல்லம்மா," என்றார். "ஆளுக்கு ரெண்டுன்னு வைக்க ஒரே ஒரு வழிதான். ஏறுக்குமாறா வைக்கக் கோடி வழி. கல்லு கைமாறிக்கிட்டே இருந்தா அந்தக் கோடியிலதான் போய் நிக்கும்."

அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு இது என்று வெள்ளச்சிக்குப் பட்டது. திரும்பப் பங்கு வைக்காமல் நகரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் வளைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மறுபடியும் வளைக்கு இரண்டு கல் ஆயிற்று. குட்டிகள் கதகதப்பாகத் தூங்கின.

பழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து ஆமையார் எண்ணியபோது அதே ஏழு வெறும் வளை, அதே நாலு ஒற்றைக் கல், ஆட்கள்தான் வேறு. கரடியிடம் ஒன்றுமில்லை. எட்டுக் கல் வெள்ளச்சியிடம். 'முன்னேற எட்டு வழிகள்' என்று பயிற்சி வகுப்பு வேறு நடத்திக்கொண்டிருந்தாள்.

மொக்கையன் தன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குட்டிக்குப் பல் தந்தியடித்தது. பார்த்ததும் வெள்ளச்சிக்கு மனசு இளகியது உண்மைதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஒழச்சா தானா வரும்ண்ணே."

மொக்கையன் புளியங்கொட்டைகளை எடுத்தான். மூடிய கையை நீட்டினான்.

"சரி தாயி. ஒத்தையா, ரெட்டையா?"

வெள்ளச்சி கணக்குப் போட்டாள். அவன் தோற்றால் கொடுக்க ஒன்றுமில்லை. தோற்க முடிந்தவள் அவள் மட்டும்தான். பதில் சொல்லாமல் அலுவலகத்துக்கு ஓடி, வரிசையில் நின்று, வால் ரேகை வைத்து மனுக் கொடுத்தாள்: ஒத்தையா ரெட்டையா ஒரு சூதாட்டம், குட்டிகள் கெட்டுப்போகின்றன, இன்றே தடை செய்க.

நீதி: கல் கைக்கு வரும்வரை அது விளையாட்டு, வந்தபின் அது சமூகச் சீர்கேடு.