மீசையில்லாமல் பெண் பார்க்கப் போனது

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து, மழைக்குப் பயந்து ஓடுகிற எறும்பு வரிசை மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று இந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ ரெட்டைக்கோடு நோட்டுல எழுதிப் பழகுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தாவது வரை படித்த என் மனைவி செல்வி, எழுதி முடித்ததும் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். "பிழையைத்தான் திருத்துவேன். நடந்ததைத் திருத்த மாட்டேன்" என்பது அவள் நிபந்தனை. எனவே இதில் இருப்பதெல்லாம் உண்மை. (கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் அவள் அடித்திருப்பாள்.)

எனக்குத் தொழில் வாழையிலை. தொட்டியம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிகாலை பஸ்ஸில் இலைக்கட்டு வந்து இறங்கும். அதை மொபெட்டில் ஏற்றி, ஸ்ரீரங்கத்து மெஸ்களுக்கும் ஓட்டல்களுக்கும் போட்டுவிட்டு வருவேன். இலைக்காரனைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். வாழைக் கறை சட்டையிலும் விரல்களிலும் பழுப்புப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை அலம்பினாலும் போகாது.

அந்தக் கறைதான் என்னைச் செல்வியிடம் கொண்டுபோய் விட்டது.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள், கறையைப் போக்க ஏதாவது சோப்பு கிடைக்குமா என்று கேட்கச் சித்திரை வீதியில் இருந்த ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் போனேன். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. அதற்குள் பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் தலை குனிந்தபடி பஜ்ஜி தின்றுவிட்டு வந்திருந்தேன். ஒரு வீட்டில் என் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிக்குப் பேச்சு வருங்களா?" என்றே கேட்டுவிட்டார்கள்.

அந்தக் கடைக்குள் நுழைந்ததும் வேறொரு ஊருக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. பவுடர் வாசனை, மல்லிகை எண்ணெய் வாசனை, பெயர் தெரியாத ஏதோ பழத்தின் வாசனை. சுவர் முழுக்கக் கண்ணாடி. மாலை வெயில் வளையல் அடுக்கில் பட்டு, கூரையில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பொட்டுகளுக்கு நடுவில் நின்று ஒரு பெண், "என்ன வேணுங்க?" என்றாள்.

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

பார்த்தாள். "வாழைக் கறையா? தேங்காய் எண்ணெய் தேய்ச்சு அலம்புங்க. இதுக்கெல்லாம் இங்க சோப்பு கிடையாது" என்றாள். பிறகு, ஒன்றும் வாங்காமல் போனால் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, "சீப்பு வேணா இருக்கு" என்றாள்.

சீப்பு வாங்கினேன்.

மறுநாளும் போனேன். அடுத்த ஒன்பது மாதத்தில் நான் வாங்கியவை: சீப்புகள், பவுடர், பன்னீர், குதிகால் வெடிப்புக்கு ஒரு களிம்பு (எனக்கு வெடிப்பே கிடையாது), உதட்டுச் சாயமென்று தெரியாமல் ஒன்று, ஒரு டஜன் ஹேர்பின். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தால் அந்தக் கடையின் சாயங்காலம் எழும்பி வந்து அறை முழுக்க நிற்கும். அவளிடம் பேசியதென்று பார்த்தால், "இது", "அது", "வரேங்க". அவ்வளவுதான்.

ஒருநாள் அக்கா பெருக்கும்போது பெட்டி துடைப்பத்தில் தட்டுப்பட்டது. திறந்து பார்த்தவள் ஹேர்பின்களைக் கையில் எடுத்துக்கொண்டு, "யாருடா அவ?" என்றாள். நான் ஒருவாறு கடையின் பெயரை மட்டும் சொன்னேன். மீதியை அக்கா விசாரித்துக்கொண்டாள். பெண் பெயர் செல்வி, திருவெள்ளறை, அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமாவும்தான் எல்லாம். எங்கள் ஆட்கள்தான். தம்பியைப் படிக்க வைக்கிறேன் என்று இருந்ததில் கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது. அக்கா சொல்லி அனுப்பினாள். பதில் வந்தது: "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. சரிப்பட்டு வரலைன்னா மணப்பாறையில ஒரு இடம் பேசி முடிச்சிடுவோம்."

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. இலைக்கட்டை மெஸ்ஸில் போடாமல் பக்கத்து மருந்துக் கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். பெண் பார்க்க வரும் விஷயத்தை அவள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். ஆனால் வருவது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. முகத்தைத் தொட்டுக் காட்டி, "பளிச்சுன்னு" என்றேன். அவள் கறுப்பாக ஒரு ட்யூபை எடுத்தாள். தடவிக் காயவிட்டுத் தோல்போல் உரித்து எடுப்பதாம். எப்படிப் போட வேண்டும் என்று தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே நிறையச் சொன்னாள். அந்த விரல் கன்னத்தில் போய் வந்த அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாள் என்பது காதில் ஏறவே இல்லை. ட்யூபில் எல்லாம் இங்கிலீஷ். படம் ஒன்று இருந்தது. ஒரு பெண்ணின் முகம். அவளுக்கு மீசை இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் ஓர் இடம் விடாமல் அடித்தேன். மீசை மேலும் அடித்தேன். புருவம் மேலும் அடித்தேன். காவிரிக் காற்று சிலுசிலுவென்று வந்தது. கண்ணை மூடினேன். கூரையில் சிவப்பும் பச்சையும் ஆடின. எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாய் திறக்கவில்லை. முகம் பலகை மாதிரி இறுகியிருந்தது. விளக்கு வைக்க வந்த அக்கா என்னைப் பார்த்து விளக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

"டேய்! என்னடா இது, தார்ச்சட்டியில விழுந்தியா?"

"ம்ம்ம்" என்றேன்.

விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கன்னம் நல்லபடியாக வந்தது. மீசைக்கு வந்ததும் நான் அலறினேன். "பொறுத்துக்கடா, பிரசவமா பார்க்கிறேன்?" என்று சொல்லிவிட்டு, பழைய சுவரொட்டியைக் கிழிப்பதுபோல் ஒரே இழுப்பு. உயிர் போய்த் திரும்பி வந்தது. அவள் கையிலிருந்த கறுப்புத் தோலில், என் மீசையின் இடப்பாதி நாற்றங்கால் மாதிரி வரிசை குலையாமல் நட்டு நின்றது. பக்கத்தில் கொஞ்சம் புருவம்.

அப்பா வந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எலி கடிச்சிடுச்சாடா?" என்றார்.

மீதி மீசையோடு போக முடியாது. முடி வெட்டும் முருகேசன் கடைக்கு ஓடினேன். அவர் என் வாயைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "மீசையை முழுசா எடுத்துடுங்க" என்றேன். கத்தி நின்றது.

"அப்பா எப்பண்ணே தவறினாரு? காலையில இங்கதானே பேப்பர் படிச்சாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமிக்கு முடி கொடுத்தால் தலையும் சேர்ந்து மொட்டையாக இருக்கும். தலையில் முடி இருந்து மீசை மட்டும் இல்லையென்றால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவருக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது. என் அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான்.

"உயிரோட இருக்கிறவருக்கு நான் மீசை எடுக்க மாட்டேன்" என்று முருகேசன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா அப்பாவையே கடைக்கு அழைத்து வந்து நிறுத்தி, "எடுப்பா, நான்தான் சொல்றேன்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் கத்தி நகர்ந்தது.

அக்கா ஒரு திட்டம் போட்டாள். "நாளைக்கு அப்பா முன்னாடி நடக்கட்டும். நீ பின்னாடி வா. ஆளு உசுரோட இருக்கிறதைப் பார்த்தா யாரு என்ன கேட்கப் போறாங்க?" நல்ல திட்டம்தான். அப்பா இலைக்காரர் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

திருவெள்ளறையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். அக்கா கண்மையால் எனக்கு அரைப் புருவம் வரைந்திருந்தாள். அவர்கள் தெருமுனையில் ஒரு வாழைத்தோட்டம். தளதளவென்று இலை. அப்பா நின்றார். "போங்க, வரேன்" என்று உள்ளே நுழைந்தார். "அப்பா!" என்று அக்கா கத்தியது அவர் காதில் விழவில்லை. வாசலில் ஆட்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். திரும்ப முடியாது. அக்கா குழாயடியில் கால் அலம்பக் குனிந்தாள். நான் பழத்தட்டோடு தன்னந்தனியாக உள்ளே போய் நின்றேன்.

செல்வியின் அம்மா "வாங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், என் உதட்டுக்கு மேலே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்பா வரலைங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"தோட்டத்தில் இலை பார்க்கிறார்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வழக்கம்போல் தலை குனிந்தேன்.

"ஐயோ, மகராசன்!" என்று அவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பார்த்தே இராத என் அப்பாவுக்காக அப்படி அழுதார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. "பாருங்க, புள்ளை கறுப்பா கண்ணீர் விடுது" என்றது ஒரு குரல். செல்வியின் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கருமாதிகூட முடிஞ்சிருக்காது போலிருக்கே. இந்த நேரத்துல பழத்தட்டைத் தூக்கிட்டு வரலாமா?"

அக்கா ஓடி வந்தாள். "அப்பா பின்னாடி வராருங்க! இதோ வந்துடுவாரு!"

செல்வியின் அம்மா இன்னும் அதிகமாக அழுதார். "பாவம், பொண்ணுக்குப் புத்தியே பேதலிச்சுப் போச்சே."

அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு தலைவாழை இலையைக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "நல்ல இலைடா. கிழிசலே இல்ல. யாரு தோட்டம்னு கேளு."

அழுகை பாதியில் நின்றது. "இவரு யாரு?" என்றார் மாமா.

"எங்கப்பா" என்றாள் அக்கா.

மாமா அப்பாவையும் பார்த்தார், என் உதட்டையும் பார்த்தார். கோபம் இப்போதுதான் முழுசாக வந்தது. "பெத்தவன் கல்லு மாதிரி நிக்கிறப்ப மீசையை எடுத்துட்டு நல்ல காரியத்துக்கு வந்திருக்கானே, இவனுக்கா பொண்ணு? மணப்பாறைக்காரங்களுக்கே போனைப் போடுக்கா!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாவது வீடு. ஆனால் மற்ற பதினோரு வீட்டிலிருந்து கிளம்பியதுபோல் இங்கிருந்து கிளம்ப எனக்கு மனசு வரவில்லை.

காபித் தட்டோடு செல்வி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதடு, புருவம், கன்னத்தில் கறுப்புக் கோடு.

"அந்த ட்யூபை முகம் பூராவுமா போட்டீங்க?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"முடி இருக்கிற இடத்துல போடாதீங்கன்னு மூணு தடவை சொன்னேனேங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா கையில் போன் இருந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது.

"நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலைங்க. உங்களையேதான் பார்த்துட்டு இருந்தேன்."

கொல்லையில் ஒரு மாடு மணியை ஆட்டியது. செல்வியின் முகம் சிவந்தது. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. (இந்த இடத்தைத் திருத்தும்போது, "தட்டு கனம், அதான் ஆடிச்சு" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.)

"மாமா, அந்த ட்யூபை வித்தது நான்தான்" என்றாள் அவள். "ஒன்பது மாசமா இவரு கடைக்கு வராரு. பதினாலு சீப்பு வாங்கிட்டுப் போயிருக்காரு. ஒருநாளாவது ஒழுங்கா தலை சீவி வந்ததில்ல. எதுக்கு வராருன்னு எனக்குத் தெரியாதா?"

மாமா போனைச் சட்டைப் பையில் போட்டார். நெடுநேரம் என் உதட்டையே பார்த்தார். "சரி. மீசை முளைக்கட்டும். முளைச்ச பிறகு வந்து தட்டை மாத்திக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கடைப்பக்கம் போகக் கூடாது."

உலகத்திலேயே மீசை முளைக்கக் காத்திருந்து நாள் குறித்த கல்யாணம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா போன் செய்து, "எவ்வளவு வந்திருக்கு?" என்பார். அக்கா அளந்து சொல்வாள். அப்பா, திருவெள்ளறைத் தோட்டத்துக்காரரிடம் இலை பேசி முடித்துவிட்டார். அது எங்கள் நிச்சயத்துக்கு முன்பே முடிந்தது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. நான் கண்ணாடி முன் ரேசரோடு நிற்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து குரல் வரும்: "டேய், பார்த்து! நான் இன்னும் இருக்கேன்." மருமகள் சிரிப்பாள். பேத்தி எதுவும் புரியாமலேயே அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். செல்வியின் அம்மா எப்போது வந்தாலும் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்காக நான் ஏற்கெனவே அழுது முடிச்சிட்டேங்க. இனிமே என்னால முடியாது. நீங்க நல்லா இருங்க" என்பார். அவரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறார்.

மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. சாயம் பூசலாமா என்று செல்வி கடையிலிருந்து ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவள் சொன்னது முழுவதையும் கேட்டேன். பிறகு வேண்டாம் என்று தகரப் பெட்டியில் போட்டுவிட்டேன். நரைத்தால் நரைக்கட்டும். காலையில் கண்ணாடியில் அது உதட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். அது போதும்.

ஆடி பதினெட்டு, காவிரிக்குப் போய் வந்த ஈரத் துண்டோடு உட்கார்ந்து எழுதி முடித்தேன்.