கிழக்கே இடுப்பு, மேற்கே முழங்கால்

மனிதன் பிறக்கும்போது கையில் ஒரு சீட்டும் இல்லாமல் பிறந்துவிடுகிறான். இது எவ்வளவு பெரிய நிர்வாகக் குறைபாடு என்பது எங்கள் போடிநாயக்கனூர் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். ஏலக்காய் மூடை இறங்கினால் சீட்டு, உரமூடை ஏறினால் சீட்டு, விறகுக்குச் சீட்டு, ஆட்டுக்குட்டிக்குச் சீட்டு. மேல்சாவடியில் கேட்காமல் விட்டால் கீழ்ச்சாவடியில் கேட்பார்கள். கீழ்ச்சாவடியிலும் கேட்கவில்லை என்றால் பெரிதாக என்னமோ வரப்போகிறது என்று அர்த்தம்.

இந்தப் பாதையில் முப்பது வருடம் ஏறி இறங்கியவர் என் அக்கா சுருளியம்மாளின் புருஷன் உக்கிரபாண்டி. சிலமலைப் பக்கம் கொஞ்சம் நஞ்சையும் மலைமேல் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டமும் உள்ளவர். அவரிடம் ஒரு மஞ்சள் பை உண்டு. அறுபத்திரண்டாம் வருடத்துச் சாவடிச் சீட்டிலிருந்து நேற்று வாங்கிய பஸ் டிக்கெட் வரை அதில் இருக்கும். வீடு பற்றிக்கொண்டால் முதலில் அந்தப் பையைத்தான் தூக்குவார். அக்காவுக்கும் இது தெரியும்.

அந்தப் பையில் இல்லாத சீட்டு ஒன்றே ஒன்றுதான். அவருடைய வலது தொடைக்குள் இருந்த ஸ்டீல் கம்பிக்கு யாரும் சீட்டு கொடுத்திருக்கவில்லை.

கம்பி வந்த கதை சின்னது. எண்பத்தொன்றில் என் ஜீப்பு பதினோராவது வளைவில் கவிழ்ந்தது. காரணம் வளைவுதான் என்று நான் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். முன் சீட்டில் இருந்த மச்சானுக்குத் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஒரு கெட்டிக்கார டாக்டர் எலும்புக்குள் ஒரு முழக் கம்பியை இறக்கி நிமிர்த்தினார். நாலு வருடம் சும்மா இருந்த கம்பி, எண்பத்தைந்தில் குடைய ஆரம்பித்தது. காலை மடக்கி உட்கார முடியவில்லை. தோட்டத்துக்கு ஏற முடியவில்லை. தெருவில் நின்று, நெற்றியில் கைவைத்து, ஆறு ஏக்கரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஜீப்பு என்னுடையதல்லவா?

டாக்டர் இதற்குள் மெட்ராசுக்குப் போய்விட்டிருந்தார். கடிதம் போட்டதற்குப் பதில் எழுதினார். வெள்ளிக்கிழமை காலை கம்பியை எடுத்துவிடலாம். சனிக்கிழமை தான் வெளிநாடு போவதாகவும், திரும்ப இரண்டு வருடம் ஆகும் என்றும், பன்னிரண்டு மணி நேரம் பஸ்சில் காலைத் தொங்கப்போட்டு வரவே கூடாது, விமானத்தில் வரவும் என்றும் எழுதியிருந்தார்.

போடியில் அப்போது விமானம் ஏறுகிறவரைச் சுவரொட்டி ஒட்டாமல் அனுப்பினால் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாது. நான் முந்நூறு அடித்தேன். "வான்வழி ஏகும் எங்கள் வைரமே, சென்று வருக! இவண்: அன்பு மைத்துனன் மொக்கையன்." கும்பிட்ட கையோடு மச்சான் படம். மேலே விமானம் போட வேண்டும்; அச்சாபீசில் விமானப் படத்து பிளாக் இல்லை. கோழித்தீவன விளம்பரத்துக்கு வைத்திருந்த சேவலைப் போட்டார்கள். பறக்கிற சாதிதானே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாலையும் கழுத்துமாக ஜீப்பில் போய் இறங்கினோம். எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்கள் இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

உள்ளே கதவில்லாத ஒரு நிலைவாசல் நின்றது. துணைக்குப் போகிற நான் முதலில் நுழைந்தேன். சத்தமில்லை. மச்சான் நுழைந்தார். வாசல் கீ கீ என்று கத்தியது.

பச்சை பெல்ட்டைக் கழற்றினார். கத்தியது. சாவிக்கொத்து, பொடி டப்பா, மூக்குக்கண்ணாடி எல்லாம் கழற்றினார். கத்தியது. வெள்ளி அரைஞாணையும் கழற்றச் சொன்னபோது, வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா, "கட்டுன பொண்டாட்டி நான் உசிரோட நிக்கிறப்ப அரைஞாணக் கழத்துறாங்களே" என்று அழுதாள். அதற்கும் சேர்த்துக் கத்தியது.

"என்ன பெரியவரே, உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"கம்பிங்கய்யா. தொடைக்குள்ள."

அதிகாரி தழும்பைப் பார்த்தார், தடவிப் பார்த்தார். நல்ல மனிதர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சரி, போங்க" என்று சொல்லிவிட்டார்.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மச்சான் நகரவில்லை.

"போறேங்கய்யா. சீட்டு?"

"என்ன சீட்டு?"

"கம்பி கொண்டு போறதுக்கு. நீங்க பாத்தீங்க, விட்டுட்டீங்க. அங்கிட்டு எறங்குற எடத்துல புடிச்சா?"

"அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்படித்தான் எழுபத்திரண்டுல மேல்சாவடியில சொன்னாக. கீழ்ச்சாவடியில ரெண்டு நாளு மூடையோட உக்கார வச்சுட்டாக. ஒரு துண்டுக் காகிதம் போதும். சீல் மட்டும் போட்டுருங்க."

அதிகாரியின் முகம் மாறியது. சீட்டு கேட்டால் ஓடுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சீட்டு கொடு என்று நிற்கிறவரை எட்டு வருட சர்வீசில் பார்த்ததில்லை. இப்படிக் கேட்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு: மாறுவேடத்தில் சோதிக்க வந்திருக்கும் மேலதிகாரி. வேட்டி, மஞ்சள் பை, பொடி டப்பா என்று வேடம் அத்தனை கச்சிதமாக இருந்ததே சந்தேகத்தை உறுதி செய்தது.

அவர் விறைப்பாக நிமிர்ந்தார். "சீட்டு இல்லாம உங்களை உள்ள விட்டேன்னு யாரு சொன்னா? நிறுத்துங்க அவரை!"

அவருக்கு மேலே இருந்த பெரிய அதிகாரி வந்தார். தடித்த விதிப்புத்தகம் வந்தது. விதிப்படி ஒரு பொருள் கைப்பையில் இருக்கலாம், அல்லது பெட்டியில் இருக்கலாம். பயணிக்குள் இருப்பதற்கு விதி இல்லை. பெரிய அதிகாரி நெடுநேரம் ஆலோசித்து, யாருக்கும் பாதகமில்லாத ஒரு தீர்வைச் சொன்னார்.

"கம்பியைக் கழட்டிப் பெட்டியில வச்சிட்டு வாங்க."

"அதைக் கழட்டத்தாங்கய்யா மெட்ராசுக்குப் போறோம்" என்றேன் நான்.

"தாராளமா போங்க. கழட்டிட்டு வாங்க, கழட்டப் போகலாம்."

வெளியே விமானம் கிளம்பிப் போனது. அடுத்த விமானம் வியாழக்கிழமை. அதற்குள், மேற்படி கம்பி இன்னாருடையது, இன்ன இடத்தில் இருக்கிறது, வெடிக்காது என்று வருவாய்த்துறையிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். மச்சானுக்குப் பரம திருப்தி. "பாத்தியா மாப்ளே, நான் கேக்கலேன்னா எவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கும்!" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாலையைக் கழற்றி ஜீப்பில் எறிந்தேன்.

மத்தியானம் போடிக்குள் நுழைந்தபோது சுவரொட்டியில் பசைகூடக் காயவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வேலுச்சாமி ஓடிவந்து ஜீப்பை மறித்தார்.

"அதுக்குள்ள மெட்ராசு போய்ட்டுத் திரும்பிட்டீகளா? ஆத்தாடி, பிளேனு என்னா வெரசு!"

மச்சான் சுவரொட்டியில் இருந்தபடியே கும்பிட்டார்; நான் ஜீப்பைக் கிளப்பினேன்.

புதன்கிழமை கிராம நிர்வாக அலுவலர் திருப்பதியிடம் போனோம். அந்த உத்தியோகமே அப்போது புதுசு, அவரும் புதுசு. அவரிடம் இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்று மரத்துக்கு, ஒன்று நிலத்துக்கு. மனிதனுடைய கால் மரம் அல்ல என்று அவர் முடிவு செய்தார். ஆகவே நிலம்.

"நாலெல்லை சொல்லுங்க" என்றார் பேனாவைத் திறந்து.

"எதுக்கு நாலெல்லை?"

"தொடைன்னு மொட்டையா எழுதினா நாளைக்கு இடது தொடைக்காரன் கேசு போடுவான். நீங்க படுங்க."

மச்சானை அலுவலகத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். "வடக்கே இடுப்பு, தெற்கே முழங்கால்" என்று எழுத ஆரம்பித்தார். அக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"வடக்க தல வச்சுப் படுக்கப் போட்டுருக்கீகளே, இது அடுக்குமா? ஆகாத காரியத்துக்கா அனுப்புறீக? முதல்ல எந்திரிங்க!"

நியாயமான ஆட்சேபணை என்று திருப்பதி ஏற்றுக்கொண்டார். மச்சான் கிழக்கே தலைவைத்துத் திரும்பிப் படுத்தார். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "கிழக்கே இடுப்பு, மேற்கே முழங்கால், தெற்கே மேற்படியாரின் இடது தொடை, வடக்கே அரசு புறம்போக்கு. இந்த நாலெல்லைக்குள் அடங்கிய ஸ்டீல் கம்பி ஒன்று, மேற்படியாரின் நீண்டநாள் அனுபவத்தில் உள்ளது. வெடித்ததாகத் தகவல் இல்லை."

தாலுகா ஆபீசில் இதற்கு மேல் ஒரு சீல் வேண்டும். அங்கிருந்த பெரிய குமாஸ்தா, சான்றிதழில் சீல் போட்டால் சான்றிதழுக்குத்தான் சீல், கம்பிக்கு எங்கே என்று கேட்டார். ஏலக்காய் மூடைக்குத் தாளிலும் போட்டு மூடையிலும் போடுகிறோமே, அது மாதிரி என்று மச்சானே எடுத்துக் கொடுத்தார். டவாலி போட்ட பியூன் ஊதா மையை நன்றாக ஒற்றி, தொடையில் அமுக்கிப் போட்டார். வலியில் மச்சானுக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

வியாழக்கிழமை அதே நிலைவாசல், அதே கீ கீ, அதே அதிகாரி. சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். வேட்டியை விலக்கி சீலையும் பார்த்தார். பிறகு தயங்கினார்.

"இதுல கிழக்கே இடுப்புன்னு இருக்கு. நீங்க நிக்கிறீங்க. இடுப்பு மேலேல்ல இருக்கு?"

"படுத்தாத்தாங்கய்யா கிழக்க வரும்."

"அப்ப படுங்க. சரிபாக்கணும்."

மச்சான் விமான நிலையத்தின் நட்டநடுவில் துண்டை விரித்துப் படுத்தார். டை கட்டியவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. அந்தக் கட்டிடத்துக்குள் கிழக்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை. சாய்வாகக் கட்டிய கட்டிடம். ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். நல்லவேளையாக, விமானம் ஓட்டுகிறவர் பெட்டியோடு அந்த வழியாக வந்தார். அவரை நிறுத்திக் கேட்டார்கள். அவர் படுத்திருந்த மச்சானையும் நின்றிருந்த அதிகாரிகளையும் பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சூரியனைப் பார்த்து வந்து சொன்னார். மச்சானை அரை வட்டம் திருப்பினார்கள். நாலெல்லையும் பொருந்தியது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

மெட்ராசில் இறங்கினோம். மச்சான் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை லேசாகத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்றார். யாரும் கேட்கவில்லை. ஒருத்தர்கூட. நீட்டிப் பார்த்தார், ஒதுங்கிப் போனார்கள். அரை மணி நேரம் நின்று, கடைசியில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கொடுத்து, "பாத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடு ஆத்தா" என்றார். அந்த அம்மாள் கைநாட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பி வெளியே வந்தது. சீலை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மச்சான் கெஞ்சியதால், டாக்டர் அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக அறுத்தார். கம்பியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மச்சான் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி இது:

"டாக்டரய்யா, சீட்டு?"

"எதுக்கு?"

"கம்பி இப்ப இல்லங்கிறதுக்கு."

டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டில் 'கம்பி எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டார்.

ஊர் திரும்பி, புண் ஆறி, ஒரே மாதத்தில் கால் பழையபடி ஆகிவிட்டது. மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நாலு வருடத்துப் பாரம் இறங்கியது. சாப்பிட்ட கையோடு மச்சான் திருப்பதியிடம் போய் மருந்துச் சீட்டை நீட்டினார்.

"பதிவேட்டில கம்பி இருக்குதே" என்றார் திருப்பதி. "எடுத்தவரு நேர்ல வந்து சொல்லணும். அவரு எங்க?"

"வெளிநாட்டுல. வர ரெண்டு வருசம் ஆகும்."

"அப்ப ரெண்டு வருசத்துக்குக் கம்பி உள்ளதான் இருக்கு. நீங்க உங்க சோலியப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல."

திருப்பதி வேறெதுவும் சொல்லவில்லை. நொண்டச் சொல்லவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து மச்சான் வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். தோட்டத்துக்கு ஏறவில்லை. தெருவில் நின்று பழையபடி நெற்றியில் கைவைத்து ஆறு ஏக்கரையும் பார்த்தார். நான் கத்தினேன், அக்கா ஏசினாள்.

"ரெக்கார்டுல கம்பிய வச்சுக்கிட்டு மலை ஏறச் சொல்றியா மாப்ளே? மேல்சாவடியில பாத்தா என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார்.

ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைத்தேன். ஊர் திருப்பதி வாசலில் வரிசையில் நின்றது. வேலுச்சாமி தங்கப் பல்லுக்கு வாங்கிவிட்டார்: வடக்கே மேலுதடு, தெற்கே நாக்கு. காதுக்குள் மிஷின் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். காலில் மிஞ்சி போட்டிருந்த பெண்கள், விரலுக்கு ஒன்றாக வாங்கினார்கள். சான்றிதழ் இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற நான் மட்டும் புத்திசாலியா என்று கேட்பீர்கள். என் உடம்பில் ஒரு குண்டூசிகூடக் கிடையாது. கிடையாது என்பதற்குத் திருப்பதியிடம் எழுதி வாங்கி, மச்சானைப் போலவே ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லாததால் நாலெல்லை போடச் சிரமப்பட்டார். கடைசியில் நாலு பக்கமும் அரசு புறம்போக்கு என்றே எழுதிவிட்டார்.