எலும்புக் கடையின் பசுந்திரை

ஒரு காட்டில் ஒரு கழுதைப்புலி எலும்புக் கடை வைத்திருந்தது. இந்த முதல் வாக்கியத்தை மட்டும்தான் நான் முழுதாக நம்புகிறேன். மீதியைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன், ஒரு கீரி சொன்ன கதையை இத்தனை காலம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். கீரி பொய் சொல்லிவிட்டதே என்று குமைகிறேனா, உண்மையைச் சொல்லிவிடுமோ என்று பயப்படுகிறேனா, அதுவே எனக்குத் தெளிவாகவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

கழுதைப்புலியின் பெயர் பரமாண்டி. ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிக்கும் வயது அதற்குப் போய்விட்டது. அந்த வயது இருந்தபோதும் அது யாரையும் பிடித்ததில்லை. புலி தின்று மிச்சம் வைத்ததை இழுத்து வந்து, காயவைத்து, பெரிது சிறிது பிரித்து அடுக்கி விற்கும். நேர்மையான வியாபாரி. முள்ளம்பன்றிகள் பல் தீட்ட வாங்கும். மான்களும் வாங்கும். குட்டி சுமக்கும் காலத்தில் மானுக்கு எலும்பு கடிக்காமல் முடியாது. ஆனால் இதை மான்கள் வெளியே சொல்வதில்லை. வேறு யாருக்கோ வாங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிப் போகும்.

கடை இருந்தது எல்லா விலங்குகளும் தண்ணீருக்குப் போகும் பாதையோரத்தில். அந்தப் பாதையில் புள்ளிமான் குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளர் மரகதம் என்ற பெண்மான், ஒருநாள் வனப் பேரூராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றது.

"தலைவரம்மா, அந்த எலும்புக் குவியல் மேல ஒரு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்குதுங்க. அது எங்க பெரியப்பா கொம்பு. தண்ணிக்குப் போறப்ப எல்லாம் கண்ணுல படுது. மனசு பொறுக்கலைங்க."

தலைவராக இருந்த பெண்யானை நெகிழ்ந்து போனது. "அடப் பாவமே! அவரை யாரு அம்மிணி அடிச்சது? விசாரிக்கச் சொல்லட்டுமா?"

முன்வரிசையில் கௌரவ உறுப்பினராக உட்கார்ந்திருந்த புலி மீசையை நக்கிக்கொண்டது.

"அதெல்லாம் எதுக்குங்க வம்பு?" என்றது மரகதம் அவசரமாக. "கொம்பு கண்ணுல படாம இருந்தாப் போதுமுங்க."

"நியாயமான கோரிக்கை" என்றது புலி.

உடனே ஒரு விதி நிறைவேறியது. பார்வைக்கு ஒவ்வாத தொழில் செய்கிறவர்கள் தங்கள் இடத்தைச் சுற்றிப் பசுந்திரை, அதாவது உயிர்வேலி, வளர்க்க வேண்டும். உயரம், எழுந்து நிற்கும் கரடி அளவு. அடர்த்தி, உள்ளே நிற்கும் முயலின் காது வெளியே நிற்கும் முயலின் கண்ணுக்குத் தெரியாத அளவு. வேலியில் ஒரே ஒரு வாசல்தான் இருக்கலாம், பின்வழி கூடாது. மார்கழிப் பனி விழுவதற்குள் அனுமதி வாங்காதவர்கள் ஆற்றுக்கு அக்கரைக்குப் போய்விட வேண்டும்.

அக்கரை செந்நாய்களின் காடு. பரமாண்டி மாதிரி ஒரு கிழடு அங்கே ஒரு வாரம் தாங்காது. விதியைக் கேட்டபோது அது சிரித்தது. கழுதைப்புலிகள் பயந்தாலும் அப்படித்தான் சத்தம் வரும்.

வேலியைச் சோதிக்க ஓர் ஆய்வாளர் வேண்டுமே என்று பேச்சு வந்தது. "இலையைப் பத்தி வெள்ளாட்டை விட யாருக்குத் தெரியும்?" என்றது யானை. யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. வைரக்கண்ணு என்ற கிடா பசுந்திரை ஆய்வாளரானது. மூங்கில் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க ஓர் உதவியாளரும் நியமனமானது. அதுதான் எனக்குக் கதை சொன்ன கீரி, செங்கோடன். அனுமதி என்பது தேக்கு இலையில் சேறு தொட்டுப் பதிக்கும் குளம்படி. ஆய்வாளரின் வலது முன்னங்கால் குளம்புதான் அதற்கு முத்திரை. வேறு எந்தக் காலும் செல்லாது.

முதல் ஆய்வுக்கு வந்த வைரக்கண்ணு, கடையைப் பாதையிலிருந்து மறைத்து நின்ற புதரைத் தாடியால் சுட்டிக்காட்டியது.

"இது என்ன?"

"இலந்தைப் புதருங்கய்யா. எங்க தாத்தன் காலத்துல இருந்து நிக்குது. அந்த ஒத்தைக் கொம்பைத் தவிர ஒண்ணும் வெளிய தெரியாதுங்க."

"யாரு நட்டது?"

"யாரும் நடலைங்க. காடுங்களே இது."

"அங்கதான் சிக்கல். விதியில 'நடப்பட்ட வேலி'ன்னு இருக்குது. தானா முளைச்சதை எல்லாம் திரைன்னு ஒத்துக்க முடியாது. வெட்டிப்போட்டு நடுங்க."

பரமாண்டி ஆள் வைத்துப் புதரை வெட்டியது. ஆள் என்றால் காட்டுப்பன்றிகள். எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கும், கிடைக்கும் கிழங்கைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் மரகதம் கடை வாசலில் வந்து நின்றது.

"ஏனுங்க, முன்னாடி ஒரு கொம்புதானே தெரிஞ்சுது? இப்ப எங்க சொந்தபந்தம் மொத்தமும் வரிசையா தெரியுது! கல்யாண வீடு மாதிரி!"

"கொஞ்சம் பொறுத்துக்க அம்மிணி. அகத்தி நட்டிருக்கறேன். மழை பெஞ்சா மளமளன்னு வந்துரும்."

மழை பெய்தது. அகத்தி மளமளவென்று வந்தது. வைரக்கண்ணுவும் வந்தது.

"இது அகத்திதானான்னு உறுதிப்படுத்தோணும்" என்று சொல்லி முதல் செடியைக் கடித்தது. கண்ணை மூடி மென்றது. "அகத்திதான்." இரண்டாவது செடிக்கு நகர்ந்தது.

"அதுவும் அகத்திதாங்கய்யா" என்றது பரமாண்டி.

"ஒரு செடி அகத்தின்னா பக்கத்துச் செடியும் அகத்தின்னு எப்படிச் சொல்ல முடியும்? அரசாங்க வேலையில அனுமானம் கூடாது."

வரிசையின் கடைசிச் செடி வரைக்கும் அனுமானம் இல்லாமல் உறுதிப்படுத்திவிட்டு, ஏப்பம் விட்டு, "செங்கோடா, உயரம் பாரு" என்றது.

கீரி கோலை நட்டுப் பார்த்தது. "கரடி முழங்காலுக்குத்தான் வருதுங்கய்யா."

"போதாதே" என்று வருத்தத்துடன் தலையை ஆட்டியது வைரக்கண்ணு. "நல்லா வளர்த்துட்டுச் சொல்லி அனுப்புங்க. வந்து பார்க்கறேன்."

வேலி பயிரை மேய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே மேயப்பட்டது வேலி. பரமாண்டி முருங்கை நட்டது, அதையும் உறுதிப்படுத்தினார்கள். செம்பருத்தி நட்டது, ஆய்வாளர் மொட்டைக்கூட விடவில்லை. மொட்டு எந்தச் செடியின் மொட்டு என்று பார்க்க வேண்டுமாம்.

கடைசியில் பரமாண்டி தலைவரைக் கூட்டி வந்து, துளிர்த்து நின்ற மிச்ச அகத்தியைக் காட்டி அழுதது. அழுதாலும் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. யானை முகம் சுளித்தது.

"ஆய்வாளர் வேலையில நான் தலையிட முடியாது பரமாண்டி. வேணுமின்னா மேல்முறையீடு பண்ணு" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே, தும்பிக்கையால் அந்த மிச்ச அகத்தியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வாயில் போட்டுக்கொண்டது. மேல்முறையீட்டை யாரிடம் செய்வது என்று கேட்டதற்கு, "எங்கிட்டதான்" என்றது மென்றபடி.

இந்த இடத்தில் கீரி தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். கோல் தூக்குவது அது, அளப்பது அது, வெயிலில் முன்னால் ஓடி "ஆய்வாளர் வருகிறார்" என்று கத்துவதும் அது. தின்பது மட்டும் ஐயா. அடுத்த ஆய்வாளர் நீதான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஐயா இருக்கும்வரை அடுத்தவர் எப்படி வருவார்? ஐயாவுக்கோ நாளுக்கு நாள் உடம்பு தேறிக்கொண்டே போனது.

ஒருநாள் ஆய்வு முடிந்து ஆடு முன்னால் நடக்க, கீரி மட்டும் பின்தங்கியது.

"ஏனுங்ணா, ஆடாதொடை நட்டுப் பாருங்களேன்."

"அதை உங்க ஐயா வாயில வைக்க மாட்டாரே தம்பி."

"அதுக்குத்தான் சொல்றேன். வெளிவரிசை ஆடாதொடை. உள்வரிசை அகத்தி."

"உள்வரிசை எதுக்கு? வெளிய இருந்து பாத்தா அது தெரியாதே."

"தெரியாதுங்ணா" என்றது கீரி. "ஒண்ணுமே தெரியாது."

பரமாண்டி அன்றே ஆடாதொடை தேடப் போனது. என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் கீரி இவ்வளவுதான் சொல்லும். தோட்டக்கலைதான் பேசினோம் என்று சேர்த்துக்கொள்ளும்.

ஆடாதொடையை யாரும் கடிக்கவில்லை. கரடி உயரத்துக்கு எழும்பி, இலையோடு இலை பின்னி நின்றது. மார்கழி நெருங்கியது. கெடு முடிகிற அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தபோது வைரக்கண்ணு கடைசி ஆய்வுக்கு வந்தது. உள்ளே ஒரு முயலையும் வெளியே ஒரு முயலையும் நிறுத்திப் பார்த்தார்கள். காது தெரியவில்லை. உள்ளே நின்ற முயல் "நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்திய பிறகுதான் வெளியே நின்ற முயல் நம்பியது. சோதனை முடிந்ததும் இரண்டு முயல்களும் ஓடிவிட்டன.

வைரக்கண்ணு வழக்கம்போல் ஒரு இலையைக் கடித்தது. "தூ! என்ன கசப்பு! தின்ன முடியாத இலையை நான் எப்படி அங்கீகரிக்கறது?"

"ஐயா, இன்னைக்குக் கெடுவுங்க. இன்னைக்கு விட்டா என்னை அக்கரைக்குத் துரத்திருவாங்க."

"விதி விதிதான். வாய்க்குத் தெரியாததுக்குக் குளம்பு வைக்க மாட்டேன்."

பரமாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "உள்வரிசை அகத்திங்கய்யா. பூவெடுத்து நிக்குது. அதையாவது பார்த்துட்டுச் சொல்லுங்க."

ஆட்டின் தாடி லேசாக ஆடியது. "எத்தனை செடி?"

"எண்ணலைங்கய்யா. மழையில இப்படி நனையறீங்களே, எனக்குப் பார்க்கவே கஷ்டமா இருக்குது. உள்ள வாங்க."

பரமாண்டியின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது என்று கீரி சத்தியம் செய்கிறது. மழைத் தண்ணீர் இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்கிறது.

வைரக்கண்ணு உள்ளே போனது. கீரி கோலை வாசலுக்குக் குறுக்கே வைத்து அகலம் அளந்துகொண்டிருந்தது. வாசல் அகலமும் விதியில் உண்டாம். உள்ளே அகத்தி மெல்லும் சத்தம் கேட்டது. ஐயாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அதுவரை பார்த்ததில்லை என்று கீரி சொல்கிறது. வெள்ளைப் பூவாகப் பார்த்துப் பறித்துத் தின்றாராம். பிறகு அகத்தி மெல்லும் சத்தம் நின்றது. மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

அன்றே வைரக்கண்ணு மலைமேல் உள்ள புல்வெளிக்கு மாற்றலாகிப் போய்விட்டது. போகும்போது வேலிக்கு அனுமதி தந்துவிட்டு, முத்திரையைச் செங்கோடனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. கீரி சொன்ன கதை இப்படித்தான் முடிகிறது.

அதன் பிறகு காடு நன்றாகவே நடக்கிறது. செங்கோடன் பொறுப்பு ஆய்வாளர். எந்த அனுமதியும் தாமதமாவதில்லை. கேட்டவர்களுக்கு அன்றே தேக்கு இலையில் வலது முன்னங்கால் குளம்படி பளிச்சென்று விழுகிறது. இத்தனை சுறுசுறுப்பாக வைரக்கண்ணு ஒருநாளும் வேலை பார்த்ததில்லை என்று யானையே பாராட்டியது. பரமாண்டி அக்கரைக்குப் போகவில்லை. முன்னைவிடச் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறது. புலி இப்போதெல்லாம் மிச்சம் வைப்பதே குறைந்துவிட்டது என்கிறார்கள், ஆனாலும் கடையில் சரக்குக் குறையவில்லை. வேலி கட்டாத தொழிலே காட்டில் இல்லை. புலியும் தன் இடத்தைச் சுற்றி முறைப்படி ஒன்று வளர்த்துவிட்டது. மான்கள் விழா எடுத்து மாலை போட்டன.

மரகதம் இப்போது பட்டப்பகலில் கடைக்கு வருகிறது. வேலி இருப்பதால் யாருக்கும் தெரியாது. முதலில் வாங்கியது அந்தக் கொம்பைத்தான். "வயித்துல குட்டி இருக்குதுங்க" என்று மெல்லச் சொன்னதாம். "எப்படியும் கடிக்கோணும். நம்ம வீட்டுப் பொருள் நம்ம வீட்டுக்கே வரட்டும்."

எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் தூக்கம் கெடுகிறது. முத்திரையைக் கொடுத்துவிட்டுப் போன ஆடு மலையை எப்படி ஏறியிருக்கும் என்று யோசிப்பேன். மூன்று காலில் ஒரு கிடா பாறைக்குப் பாறை தாவுவதைக் கற்பனை செய்ய முயல்வேன். சில நாள் அது மேலே போய்ச் சேர்ந்தும்விடும். அன்று கொஞ்சம் தூங்குவேன். மறுநாள், பின்வழி இல்லாத வேலி நினைவுக்கு வரும். முயலின் காதுகூடத் தெரியாத வேலி. அதற்குள் மலர்ந்த முகத்தைக் கீரி பார்த்திருக்கிறது.

சென்ற மாதம் செங்கோடனைத் தண்ணீர்ப் பாதையில் பார்த்தேன். பழைய மெலிந்த கீரி இல்லை. நடக்கும்போது வயிறு தரையில் உரசுகிறது. இடுப்பில் மரப்பட்டைப் பை, அதற்குள் முத்திரை. நலம் விசாரித்தேன். கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். ஒரு சொல் மாறாமல் சொன்னது. வாசலுக்குக் குறுக்கே கோலை வைத்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். இத்தனை வருடமாக நாக்கு நுனியில் நின்ற கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"செங்கோடா, அந்தக் கோலைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நீ வேலிக்கு வெளியே நின்றாயா, உள்ளே நின்றாயா?"

நீதி: வேலி வளரும்வரைதான் ஆய்வாளர் தேவை. வளர்ந்த பிறகு அவருடைய குளம்பு போதும்.