துண்டுக்கடியில் ஹங்கேரி

வினைச்சொல்லே இல்லாமல் இங்கிலீஷ் பேசி ஒரு ஆயுளை ஓட்டிவிட முடியும் என்று நிரூபித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டியில் தரகராக இருந்தார். பெயர்ச்சொல்லுக்கு இங்கிலீஷில் 'நவுன்' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததில் அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது: நவுன் அண்ணன்.

ஐம்பதுகளில் நான் அதே மண்டியில் குமாஸ்தா. மாலையானால் மூட்டைகளுக்கு நடுவே எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு. ஏணி, லாந்தர், குடை, கழுதை என்று வெறும் பெயர்களாகவே வரும். "அண்ணே, 'நான் வர்றேன்'ங்கிறதுக்கு இங்கிலீசுல என்ன?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"வந்து நின்னா அவனுக்குத் தெரியாதாக்கும்? மொதல்ல பேரப் படிங்கப்பா. சோலி தன்னால நடக்கும்!"

ஒரு அடைமழைக் காலம். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பு பழுதாகிவிட்டது. பறித்த பச்சைக்காய் அம்பாரமாகக் கிடந்தது. உடனே சூடு காட்டாவிட்டால் பூஞ்சை பிடித்து அத்தனையும் குப்பைக்குத்தான். எஸ்டேட் முதலாளி எங்கிருந்தோ ஒரு ஹங்கேரிக்கார மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. துபாஷி வேலைக்கு நவுன் அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். துணைக்கு நான்.

போன உடனே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். சாக்கைத் தொட்டு ஹங்கேரிக்காரர் 'ஜாக்' என்றார். அண்ணன் 'சேக்' என்றார். காய் சுமந்துவந்த அம்மாள், "நானும் சாக்குன்னுதான சொல்றேன்" என்று முகவாயில் கை வைத்தாள். பத்துச் சாக்கைக் காட்டியபோது 'தீஸ் ஜாக்' என்று வந்தது. அண்ணன் குதித்தார்.

"பாத்தியாடா! இங்கிலீஷ்காரனுக்குப் பத்துன்னு சொன்னாலும் பத்தாது, பேருக்குப் பின்னால ஒரு 'ஸ்' வேணும். இவரு நம்மள மாதிரி! பத்துன்னு சொல்லியாச்சு, பெறகு எதுக்கு வாலு? சாக்குலங்கிறதுக்கு ஜாக்பன். அதுவும் பேரோட பின்னாலயே ஒட்டிக்கிருது!"

"யப்பா நவுனு, அடுப்பு எப்ப எரியும்னு கேளுங்கப்பா!" என்று முதலாளி கத்தினார்.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கேள்வி வினைச்சொல் இல்லாமல் நடக்காது. சட்டென்று மண்டிப் பழக்கம் கைகொடுத்தது. மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். எத்தனை விரலோ அத்தனை. அண்ணன் ஹங்கேரிக்காரர் கைமேல் துண்டைப் போட்டு, எத்தனை நாள் என்பதற்கு "டே?" என்றார். அந்த மனிதரோ இது இந்த ஊர் மரியாதை என்று நினைத்துக்கொண்டு, அண்ணனின் முழுக் கையையும் பிடித்து அன்போடு குலுக்கினார்.

"அஞ்சு நாளாகுமாம், மொதலாளி!"

முதலாளி தலையில் கை வைத்தார். "போச்சு! வெரசா லோடு ஏத்துங்கப்பா. கீழ கொண்டுபோயி வெயில்லயாவது காயப்போடுவோம்." வெயிலில் காய்ந்தால் ஏலக்காய் வெளுத்துப்போகும்; பச்சை நிறம் போனால் யார் சீந்துவார்கள்? ஆனாலும் சாக்குகள் கழுதைகள்மேல் ஏறிக் குரங்கணிப் பாதையில் இறங்கின.

கடைசிக் கழுதையின் வால் திருப்பத்தில் மறைந்ததும் பின்னாலிருந்து 'குப்'பென்று புகை கிளம்பியது. ஹங்கேரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேலை முடிந்துவிட்டது!

அண்ணன் செருப்பை உதறிவிட்டுச் சரிவில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மூச்சு முட்டியதில் அவருக்குத் தமிழிலும் வினைச்சொல் வரவில்லை.

"பொகை! அடுப்பு! சாக்கு! கழுதை!"

கழுதைக்காரர் திரும்பி மேலே பார்த்தார். புகை தெரிந்தது. மறுபேச்சில்லாமல் கழுதைகளைத் திருப்பினார். காய் நிறம் மாறாமல் காய்ந்தது.

"அஞ்சு நாளுன்னீரு?" என்றார் முதலாளி.

"அவரு அஞ்சு வெரலத்தேன் குடுத்தாரு. நாளுங்கிறது நானாச் சேத்துக்கிட்டது."

ஹங்கேரிக்காரர் கிளம்பும்போது, அண்ணன் தோளிலிருந்த துண்டை அவரே உருவி, இரண்டு பேர் கைகள்மேலும் போர்த்தி, 'பராத்தோம்' என்றார். அண்ணன் கண் கலங்கிவிட்டது.

"பராத்துன்னா சிநேகிதன்டா," என்றார் ஜீப்பில். "இங்கிலீசுல 'மை' முன்னால தனியா நிக்கும். இவுக பாசையில 'என்னோட'ங்கிறது பேரோடயே ஒட்டிக்கிருது. பிரிக்க முடியாது."

பிறகு எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்திருந்தார். ஜன்னல் வழியே என் கைமேல் துண்டைப் போட்டு, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

நானும் அதையே திருப்பிச் சொன்னேன். ஹங்கேரி மொழியில் நான் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். அதை இதுவரை அவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.