ஆகவே, பாத்திரம்

தர்க்கவியல் பேராசிரியர் கணினி முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஈ நுழைந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

பல்கலைக்கழகம் புதிதாக ஒரு செயலி கொண்டுவந்திருந்தது. வாத்தியார்கள் பாடத்தை வீடியோ பிடித்து அதில் ஏற்ற வேண்டும். எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்று அது ஊரறியப் போட்டுக் கொடுத்துவிடும், பாவி! பேராசிரியரின் பாடத்துக்குக் கீழே பெரிய முட்டை. வெள்ளிக்கிழமைக்குள் முட்டை உடையாவிட்டால் பாடம் துறைக்குப் புதிதாக வந்த சின்ன வாத்தியாருக்குப் போய்விடும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பாடம்!

"விடுவேனா?" என்று காரியத்தில் இறங்கினார். மனைவி கடைக்குப் போகும்போது போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதில் அவளையே மாணவியாகச் சேர்த்து, சத்தத்தை அடைத்து, வீடியோவை ஓடவிட்டு, பீரோவில் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

மறுநாள் முட்டை போய் ஒன்று வந்திருந்தது. துள்ளிக் குதித்தார். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: 'மாணவி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். ஆசிரியர் இன்றே பதில் தராவிட்டால் இந்த வருகை கணக்கில் சேராது.'

துறை முழுக்கப் பார்க்கும் பக்கத்தில் சந்தேகம் இருந்தது.

'வீட்டில் இருப்பவர் அனைவரும் பாத்திரம் கழுவ வேண்டும். எங்கள் ஆசிரியர் வீட்டில் இருக்கிறார். ஆகவே?'

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையலறைக்கு ஓடினார்.

"அடியே! இது நீயா?"

"ஆமாங்க, சார்."

"சாரா?"

"சேர்த்துவிட்டது நீங்கதானே? போர்வையை எடுத்தா போன் இஸ்திரிப் பெட்டியாட்டம் சுட்டுது. உள்ளே நீங்க கையை ஆட்டிக்கிட்டு இருக்கீங்க. பாவம்னு முதல்லேர்ந்து போட்டுக் கடைசிவரைக்கும் பார்த்தேன்."

"முழுசாவா?" அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு பெருமை.

"முழுசா. அதுல உங்க பேச்சை நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அப்பப்போ அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அடடா, என்ன சுகம்!"

"சந்தேகத்தை வாபஸ் வாங்குடி! துறைத்தலைவர் பார்ப்பாரு!"

"பார்க்கட்டுமே. உங்களுக்குப் பதில் தெரியலைன்னா சின்ன வாத்தியாரைக் கேட்டுக்கறேன்."

"முதல் வாக்கியமே தப்பு! அதை யாரு ஒத்துக்கிட்டா?"

"நீங்கதான். கல்யாணமான புதுசுல."

தர்க்கம் தீர்ந்துபோனது. கணினிக்குத் திரும்பிப் போய்ப் பதிலைத் தட்டினார்: 'ஆகவே, ஆசிரியர் பாத்திரம் கழுவ வேண்டும்.'

அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைகளெல்லாம் எங்கிருந்தோ வந்து குதித்தார்கள். 'சார், செய்முறை விளக்கம் வேணும்!' துறைத்தலைவரும் எழுதினார்: 'நல்ல யோசனை. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றவும்.'

வேறு வழி? மனைவி போனைப் பிடித்தாள். பேராசிரியர் கரிபிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே தர்க்கம் சொன்னார். வகுப்பு மொத்தமும், ஒருவர் பாக்கியில்லாமல், கடைசிவரை பார்த்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"பாடம் எனக்கேதான்டி! வாரா வாரம் இதே மாதிரி செய்முறையோட நடத்தணுமாம்!"

"தெரியுங்க," என்றாள் மனைவி. "அடுத்த பாடத்துக்குத் துணி ஊறப் போட்டிருக்கேன்."